காதில் விழுந்த தலைப்பு

காலை ஆறு மணி. கொல்லையில் மேஸ்திரியின் புத்தகம் கரிக்கட்டையாகக் கிடந்தது. ரயில் பாதையில் காலமெல்லாம் போல்ட் முடுக்கிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு கையால் எழுதியது. நகல் கிடையாது. அச்சகத்துக்கு அனுப்ப நேற்றுதான் கோணியில் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார். எரித்தவனுக்கு ஒரு தீக்குச்சிதான் செலவு. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது.

"போல்ட்டை முடுக்காம விட்டான், குடிகாரன்னு சொல்லி, பாதையில செத்த என் கூட்டாளி மேல பழியைப் போட்டாங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா. அதைச் சொல்ல எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்று கொதித்தார் மேஸ்திரி.

இன்ஸ்பெக்டரம்மா குச்சியால் கிளறினார். கம்பியின் முறுக்கு அவிழவே இல்லை.

வீட்டில் இருந்த மற்ற மூவரையும் தனித்தனியாக அழைத்தார். ஒரே கேள்வி: "என்ன புத்தகம்?"

மனைவி: "தண்டவாளம். அட்டையில பேரை நான்தான் எழுதினேன்."

மருமகள்: "தண்டவாளம். தூக்கம் வரலைன்னா ரெண்டு பக்கம் படிப்பேன், உடனே வந்துடும். அதுக்காக எரிப்பேனா?"

மனைவியின் தம்பி, அதே ரயில்வேயில் கிடங்குக் காப்பாளராக இருந்தவர், சீறினார்: "அடுத்தவன் வண்டவாளத்தை எழுதினா எவன் சும்மா இருப்பான்?"

இன்ஸ்பெக்டரம்மா எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"வண்டவாளம்னு யார் சொன்னது?"

"மாமாதான் போன்ல அச்சகத்துக்காரர்கிட்ட பேரைச் சொன்னாரே. கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன்."

"அவர் சொன்னது தண்டவாளம். அட்டையைப் பார்த்தவங்களுக்கு அது தெரியும். எரிச்சவன் கட்டைப் பிரிக்கவே இல்ல, கம்பி முறுக்கினபடியே கிடக்கு. குற்றமுள்ள நெஞ்சுக்கு 'த'கூட 'வ'ன்னுதான் கேக்கும். எரிச்சது நீதான்!"

தம்பியின் முகம் வெளிறியது.

"அப்ப... துருப்பிடிச்ச போல்ட்டைப் பத்தி நீங்க எதுவும் எழுதலையா, மாமா?"

மேஸ்திரி எழுந்தார்.

"புது போல்ட்டை வித்துட்டுத் துருப்பிடிச்சதையா கொடுத்தே? பாவி! கிடங்குல உன்னை மாதிரி நேர்மையானவன் இல்லைன்னு ஒரு பக்கம் எழுதியிருந்தேனேடா!"

"அக்கா..." என்றான் தம்பி.

"அக்காங்காதே" என்றாள் அவள்.

ஜீப் போனது. மேஸ்திரி மருமகளிடம் கை நீட்டினார்.

"தாளும் பேனாவும் கொண்டா. அவன் காதுல விழுந்த பேரையே வைக்கிறேன்."