தொப்பிக்குள் ஒரு மூக்கு

காதை முன்னால் இழுத்தால் மூக்கு நுனியைத் தொட வேண்டும். கண்ணுக்கு மேலே பூசணி விதை போல ஒரு பழுப்புப் புள்ளி. உடம்பெல்லாம் நீலமும் கறுப்பும் தெளித்த மாதிரி இருக்க வேண்டும். வால் பிறைநிலா போல மேலே வளைந்து நிற்க வேண்டும். முன்பின் தெரியாதவர் தொட்டாலும் ஒதுங்கக் கூடாது.

வெர்னா வண்டியில் உட்கார்ந்து நாய்ப் போட்டி விதிகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரி வந்ததும் எப்போதும் போல நிறுத்திவிட்டாள். அது நாய்க்கு மட்டும் சொன்னதுதானா? முன்பின் தெரியாதவர் பேசினால் அவளுக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவளுக்கு வால் இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை.

மெர்ட்டில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. மோப்பம் பிடித்து, ரக்கூன் என்னும் காட்டுப் பிராணியைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிடும் நீலப்புள்ளி வேட்டைநாய் அது. மூக்கில் குறை இல்லை. தொண்டையிலும் குறை இல்லை. அது ஊளையிட்டால் பக்கத்து மலையிலிருந்து பதில் வரும்.

அப்பா ஹோபர்ட் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்குப் போட்டியில ஜட்ஜைத் தொட விட்டாள்னா இவ நம்மகூடவே இருக்கட்டும். விடலைன்னா பெரியப்பா கூட்டிட்டுப் போயிடுவார்."

"பெரியப்பா இவளைக் கட்டிப் போட்டுடுவாரேப்பா."

"வேலிக்குக் காவல் வேணுங்கிறார். நான் என்ன பண்ண? ஆள் தொட்டா நடுங்குற நாய்க்குக் குட்டி பொறந்தா அதுவும் நடுங்கும்."

"திருடன் வந்தா இவ கட்டிலுக்கு அடியில போயிடுவாப்பா."

"பெரியப்பா முற்றத்துல கட்டில் கிடையாது," என்றார் அப்பா. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். கையை நீட்டி மெர்ட்டிலின் காதை ஒரு தடவை தடவிவிட்டார்.

போன வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. அப்பா ஜட்ஜ் வேஷத்தில் பெரிய கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, குரலை மாற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மெர்ட்டில் ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. உடனே வாலை ஆட்டி அவர் முகத்தை நக்கியது.

அம்மா சமையலறை ஜன்னலில் இருந்து சிரித்தாள். "அவ உங்களைக் கண்ணாலயா பாக்குறா? பத்து தொப்பி போட்டாலும் உங்க வாசனை உங்ககூடத்தானே வருது."

அப்போது எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கு பார்த்தாலும் ஊளைச் சத்தம். ஒரு பக்கம் சோள ரொட்டியும் பீன்ஸும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீளமான மர மேடை. அதன் மேல் நாய்களை வரிசையாக ஏற்றி நிறுத்துவார்கள். பின்னால் நிற்கிறவர் ஒரு கையால் தாடையையும், இன்னொரு கையால் வாலையும் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜட்ஜாகக் கேட்காமல் அவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த மலைப்பக்கம் என்றைக்கும் அதுதான் வழக்கம்.

மேடையில் வெர்னாவுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள் வயதுப் பெண் டிரெஸா. அவள் நாய் சிலை மாதிரி நின்றது.

"உன் நாயோட வால் எங்க?" என்றாள் டிரெஸா. "வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

 மெர்ட்டிலின் வால் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. வெர்னா அதை மெல்ல வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். கையை விட்டால் கீழே விழுந்துவிடும். தான் பிடித்திருப்பது வாலையா, ஒரு பொய்யையா என்று அவளுக்குத் தோன்றியது.

ஜட்ஜ் கிராடி உயரமானவர். ஒவ்வொரு நாயாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பல்லைப் பார்த்தார். காதை இழுத்துப் பார்த்தார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். டிரெஸாவின் நாயை முடித்துவிட்டு மெர்ட்டிலிடம் வந்தார்.

அவர் கை மேலிருந்து இறங்கியது. மெர்ட்டிலின் முதுகு நடுங்கியது. பின்கால்கள் மடங்கின. மேடையைச் சுற்றியிருந்த வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மெர்ட்டில் அவர் கையை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. எதையோ தேடுவது போல இருந்தது. தேடியது கிடைக்கவில்லை.

வெர்னாவுக்குச் சட்டென்று புரிந்தது. அந்தக் கையில் இருப்பது அவருடைய வாசனை அல்ல. வரிசையில் முன்னால் நின்ற நாய்களின் வாசனை. முகம் தெரியாத ஒருவர் இருட்டில் கை நீட்டினால் யாருக்குத்தான் பயம் வராது?

சொல்ல வேண்டும். ஆனால் பேசக் கூடாது.  ஜட்ஜ் கையை இழுத்துக்கொண்டு அடுத்த நாயின் பக்கம் திரும்பப் போனார்.

"சார்," என்றாள் வெர்னா.

வரிசையே அவளைப் பார்த்தது. டிரெஸாவின் வாய் திறந்தபடி நின்றது.

"என்ன கண்ணு?"

"உங்க கையில மத்த நாய் வாசனைதான் சார் இருக்கு. நீங்க யாருன்னு அவளுக்குத் தெரியல."

ஜட்ஜ் தன் கையை முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது சார்."

வேலியோரம் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "சரி, அப்ப நான் யாருன்னு எப்படிச் சொல்றது?"

வெர்னா அவர் தலையைப் பார்த்தாள். "உங்க தொப்பியைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றி நீட்டினார். உள்ளே வியர்வைப் பட்டை கறுத்துப் போயிருந்தது. மெர்ட்டில் கண் வரைக்கும் முகத்தை உள்ளே புதைத்தது. வெளியே எடுக்கவே இல்லை. தொப்பிக்குள்ளிருந்து புஸ் புஸ் என்று சத்தம் மட்டும் வந்தது.

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு நேரம் அதைப் பக்கத்துல வச்சுக்க மாட்டா," என்றார் ஜட்ஜ்.

வெர்னா வாலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒத்திகையில் ஒருநாளும் செய்யாத காரியம். வால் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது. பிறகு அடியிலிருந்து மெல்ல எழும்பி, வளைந்து, பிறை போல நின்றது.

ஜட்ஜ் காதை இழுத்தார். பல்லைப் பார்த்தார். நான்கு பாதங்களையும் தூக்கினார். மெர்ட்டில் அவர் மணிக்கட்டை நக்கிக்கொண்டு நின்றது.

முதல் பரிசு டிரெஸாவின் நாய்க்குப் போனது. மெர்ட்டிலுக்கு மூன்றாவது.

"காது மூக்கு வரைக்கும் வரலம்மா. ஒரு விரல் குறைச்சல்," என்றார் ஜட்ஜ். "குணத்துல குறை சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல." தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கவே, மறுபடி கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கீழே இறங்கியதும் டிரெஸா பக்கத்தில் வந்தாள்.  "நான் உன் நாயைத் தொடலாமா?" என்றாள். கேட்டுவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினாள்.

அப்போதுதான் பர்ல் பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையில் சோள ரொட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"ஹோபர்ட், நீ கேட்டப்ப வேண்டாவெறுப்பாத்தான்டா சரின்னேன். இப்பப் பாத்தா தங்கமான நாயா இருக்கா. வண்டியில வைக்கோல்கூட போட்டு வச்சிருக்கேன்." ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு கையை நீட்டினார். "கயித்தைக் கொடு, வெர்னா."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெர்னாவைப் பார்த்தார். பெரியப்பாதான் காவலுக்கு நாய் கேட்டார் என்று வண்டியில் சொன்னவர், இப்போது தரையைப் பார்த்தார்.

வெர்னா கயிற்றைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"இல்ல, பெரியப்பா," என்றாள் மெதுவாக. "இவ எங்ககூட வரா."