நாற்பதுக்கு மேல் எனில்

கட்டத்தில் எழுதியது கடலில் நடந்தது. வெண்மணல் துறைக்கு அந்த வசதி வந்து ஆறு வருடமாகியிருந்தது. கட்டுப்பாட்டு அறையின் சுவர் முழுக்க விரிந்திருந்தது துறைத்தாள் என்ற மின்திரை அட்டவணை. படகுக்கு ஒரு வரிசை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு பத்தியில் படகு நிற்கும் இடம், அடுத்த பத்தியில் மின்கலத்தில் மிச்சமிருக்கும் மின்சாரம், கடைசிப் பத்தியில் கட்டளை. அங்கே ‘திரும்பு’ என்று துறை அலுவலர் ஹெலன் பர்னாந்து தட்டினால், அறுபது மைலுக்கு அப்பால் ஒரு படகு தானாகவே மூக்கைக் கரைப்பக்கம் திருப்பும்.

ஒரே குறை, ஒவ்வொரு கட்டத்தையும் கையால் நிரப்ப வேண்டும்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை, அந்தக் குறை உயிர்ப் பிரச்சினையானது. வடக்கே போய்விடும் என்று நம்பியிருந்த புயல் சட்டென்று மேற்கே திரும்பியது. ஏழு மணி நேரத்தில் வந்துவிடும். தொலைவிலிருந்த படகுகள் கரை சேரவே ஐந்து மணி நேரம் வேண்டும். எல்லோரும் வந்துவிடுங்கள் என்று ரேடியோவில் சொன்னால் மட்டும் போதாது. மின்சாரம் குறைந்த படகு பாதி வழியில் நின்றுவிடும். அதை எந்தப் படகு இழுத்து வருவது என்பதை மொத்தக் கடலையும் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் சொல்ல முடியும். ஒரு படகுக்குக் கணக்குப் பார்த்துக் கட்டளை எழுத இரண்டு நிமிடம். அறையில் இருந்தது மூன்று பேர். விடாமல் எழுதினாலும் நாலரை மணி நேரம் ஆகும்.

ஹெலன் கட்டங்களிலிருந்து கையை எடுத்தாள். தாளின் அடியில் குறுநிரல் எழுதும் இடம் ஒன்று இருந்தது. ஒரு முறை எழுதிவிட்டால் போதும், மேலிருந்து கீழ்வரை எல்லா வரிசையிலும் தானே ஓடி வேலையை முடிக்கும் சின்ன நிரல். துறையில் யாரும் அதைத் தொட்டதில்லை. ஒரு தப்பு நேர்ந்தால் அது நானூற்றுப் பன்னிரண்டு தப்பாகிவிடும் என்ற பயம்தான் காரணம்.

அவள் இரண்டே வரி எழுதினாள். கரை சேர மின்சாரம் போதும் எனில், திரும்பு. போதாது எனில், பக்கத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் படகு அதை இழுத்து வரட்டும். அந்த நாற்பதுதான் துறையின் வரம்பு.

முதல் வரிசையில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். ‘திரும்பு’ என்று வந்தது. கணக்கைக் கையால் சரிபார்த்தாள்; சரியாக இருந்தது. அதற்குமேல் காத்திருக்க நேரமில்லை. மொத்தப் பத்திக்கும் ஓட்டினாள்.

பச்சை நிறம் மழைத்தண்ணீர் போலப் பத்தியில் இறங்கியது. நான்கு விநாடி. வரைபடத்தில் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரு மீன்கூட்டம் போல ஒன்றாகத் திரும்பின. அங்கங்கே ஒரு புள்ளி இன்னொன்றைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்.

புயல் வருவதற்கு முன் அத்தனை படகும் கரையில் இருந்தன. இருபத்துமூன்று படகுகள் இழுத்து வரப்பட்டவை.

அதன் பிறகு ஊரையே ‘எனில்’ பிடித்துக்கொண்டது. மீனவர் சங்கத் தலைவர் ரெமிஜியுஸ் கேட்டுக்கொண்டதால், ஞாயிறு பூசை முடிந்ததும் ஹெலன் வகுப்பு எடுத்தாள். ஆண்களும் பெண்களும் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். வலை கனத்தது எனில் தானே இழு, மோட்டார் சூடானது எனில் வேகத்தைக் குறை என்று ஆளாளுக்குத் தங்கள் படகின் இயந்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். எல்லோரையும் முந்தியது லூர்தம்மாள். மூன்று படகு வைத்திருப்பவள், தானே கடலுக்குப் போகிறவள். அவள் ஒருநாள் எழுதிக் காட்டிய வரி இது: மின்சாரம் துறையின் வரம்புக்கு மேல் எனில், குளிர்பெட்டியை முழு வேகத்தில் ஓட்டு. உபரியை வீணாக்காமல் மீனைக் காப்பாற்றும் அருமையான யோசனை என்று பாராட்டி, அதை வகுப்பு முழுவதற்கும் காட்டினாள் ஹெலன்.

சங்கமும் தன் பங்குக்கு இரண்டு விதிகள் போட்டது. வரம்புக்குக் கீழே உள்ள படகை உதவிக்கு அனுப்பத் துறைத்தாளால் முடியாதபடி இயந்திரத்திலேயே பூட்டு. வரம்பை மாற்றினால், படகுகளுக்கு அறிவித்துப் பத்து நிமிடம் கழித்தே அமல். இரண்டும் நியாயமாகத்தான் தெரிந்தன. முதல் புயலில் இழுத்து வந்தவர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குளிர்பெட்டியை அணைத்திருந்தார்கள். அவர்கள் பிடித்த மீனில் பாதி கெட்டுப்போயிருந்தது.

மறு ஐப்பசியில் அடுத்த புயல் வந்தது. இம்முறை ஹெலனிடம் பதற்றமே இல்லை. நடுக்கடலில் பதினோரு படகுகள் மின்சாரமின்றி நின்றன. அவற்றில் முப்பத்தெட்டுப் பேர். பொத்தானை அழுத்திவிட்டுப் பச்சைக்காகக் காத்திருந்தாள்.

பத்தி முழுக்கச் சிவப்பு இறங்கியது. ‘இயலாது’, ‘இயலாது’, ‘இயலாது’. நிரலில் பிழையோ என்று பார்த்தாள். பிழை இல்லை. மின்சாரப் பத்தியைப் பார்த்தாள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு. அடுத்ததும் முப்பத்தொன்பது புள்ளி ஆறு. அதற்கடுத்தது முப்பத்தொன்பது புள்ளி ஏழு. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த படகுகளில் ஒன்றுகூட நாற்பதைத் தாண்டவில்லை.

வரம்பை முப்பத்தைந்தாகக் குறைத்தாள். அது அமலாகப் பத்து நிமிடம் காத்திருந்தாள். கண்ணெதிரே எண்கள் இறங்கின. முப்பத்தெட்டு, முப்பத்தாறு. பத்தாவது நிமிடத்தில் பத்தி நெடுக முப்பத்துநான்கு புள்ளி ஆறு.

ஒரு படகின் நிரலைத் திறந்து பார்த்தாள். லூர்தம்மாளின் வரிதான். கீழே இன்னும் சில வரிகள் சேர்ந்திருந்தன: தளவிளக்கு, தண்ணீர் பம்பு, எல்லாவற்றையும் ஓட்டு. இன்னொரு படகிலும் அதே வரிகள். வரம்புக்குக் கீழே இருந்தால் அழைப்பு வராது. அதற்காக ஊரே தன் மின்சாரத்தைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.

முப்பது என்று தட்டப்போன விரல் நின்றது. இன்னும் இரண்டு முறை குறைத்தால், இழுத்து வர வேண்டிய படகுகள் பதினொன்றல்ல, நானூற்றுப் பன்னிரண்டு.

ஹெலன் வரம்பை மறுபடி நாற்பதுக்கே ஏற்றிவிட்டு ரேடியோவை எடுத்தாள்.

“லூர்துக்கா, ஹெலன் பேசுதேன். தாளு இல்ல, நானேதான். ஒங்களுக்குத் தெக்க மூணு மைல்ல ஆளுங்க நிக்காவ. ஒங்ககிட்ட முப்பத்துநாலு இருக்கு. போய்ட்டுக் கரைக்கு வரலாம், ஆனா மிச்சம் ஒண்ணும் இருக்காது.”

காற்றின் இரைச்சலுக்கு நடுவே லூர்தம்மாளின் குரல் வந்தது.

“யாரு யாரு நிக்கா?”

ஹெலன் பதினோரு படகிலும் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். துறையின் எல்லாப் படகுகளிலும் அது கேட்டது.

“பொட்டியெல்லாம் அணைச்சிட்டேன்,” என்றாள் லூர்தம்மாள். “வழியச் சொல்லு.”

வரைபடத்தில் ஒரு புள்ளி தெற்கே திரும்பியது. அவளுடைய மற்ற இரண்டு படகுகளும் பின்னால் போயின. பிறகு ஐந்து. பிறகு பத்தொன்பது. இயந்திரத்தின் தானோட்டத்தை நிறுத்திவிட்டுச் சுக்கானைக் கையில் பிடித்திருந்தார்கள். கட்டளைப் பத்தியில் அவர்களுக்கு நேரே ‘இயலாது’ என்றே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. புள்ளிகள் அதைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தன. ஹெலன் நின்றுகொண்டே திசை சொன்னாள், கத்திக் கத்தித் தொண்டை கட்டும்வரை சொன்னாள். கடைசிப் படகு துறைக்குள் நுழைந்தபோது அலை தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்தது. முப்பத்தெட்டுப் பேரும் கரையேறினார்கள்.

புயல் ஓய்ந்த காலை, ரெமிஜியுஸ் உற்சாகமாக அறைக்குள் வந்தார். துறைத்தாளில் தாமே ஒரு புதுப் பத்தி சேர்த்திருந்தார்: ‘கூப்பிட்டதும் போனவர்.’ ஆம் எனில், ஐஸ் ஆலைக்குப் பக்கத்தில் படகு கட்ட முதலிடம். குறுநிரலும் எழுதி முடித்திருந்தார். ஓட்டிக் காட்டினார். முதலில் பச்சையானது லூர்தம்மாளின் வரிசை.

பத்தியில் பச்சை இறங்குவதை ஹெலன் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த புயலில் யார் எதற்காகப் போவார்கள், காப்பாற்ற ஆள் இல்லாத நாளில் அந்த முதலிடத்துக்காக யார் யாரை நடுக்கடலில் பொய்யாக நிற்கச் சொல்வார்கள் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“அப்ப யாரு போனாங்கன்னு எழுதவே வேண்டாமா?” என்றார் ரெமிஜியுஸ்.

“எழுதுங்கண்ணே, எல்லாப் பேரையும் எழுதுங்க,” என்றாள் ஹெலன். “‘எனில்’ மட்டும் போடாதீங்க.”