மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள்

காலையில் அம்சவள்ளி தூக்குச்சட்டியில் கூழ் ஊற்றும்போதே மாமியார் லட்சுமியம்மாள் கட்டிலில் படுத்தபடி இருமினாள். இரண்டு நாளாகக் காய்ச்சல்.

"யாருக்குடி அது?"

"கொட்டாயில இருக்கறவங்களுக்கு, அத்த."

"அவங்களாலதான் நான் இப்பிடிக் கெடக்கறேன். கோயம்பேட்டுலேந்து நோவ மூட்ட கட்டிக்கினு வந்தாங்க. நீ சோறு போடறேன்னு போயி எனக்கு ஒட்டவெச்சிட்ட."

அம்சவள்ளி சட்டியை மூடினாள். கொழுந்தன் பிரவீன்குமார் கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவன். ஊரடங்கில் சந்தையை மூடியதும் வீட்டுக்காரர் அவனை வெளியே தள்ளிவிட்டார். மனைவி ராதிகாவோடும் இரண்டு வயது எழில்மதியோடும் தியாகதுருகத்துக்குப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. பெற்ற தாயே வாசற்படி ஏறவிடவில்லை. அம்சவள்ளிதான் வயலிலிருந்த மோட்டார் கொட்டகையைக் கூட்டிப் பாய் விரித்துக் கொடுத்தாள். தினமும் வரப்பில் சட்டியை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுதான் பேசுவாள். ஒரே ஒரு நாள் குழந்தை தடுக்கி விழ, ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்... அதனால்தான் வந்ததோ?

"இன்னிக்கே அவங்களப் போகச் சொல்லு. நீ சொன்னாதான் கேப்பாங்க. நான் செத்தா அந்தப் பாவம் உனக்குத்தான்."

அம்சவள்ளி கணவனைப் பார்த்தாள். வெங்கடேசன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அம்மா சொல்றதச் செய்யி" என்றான்.

கொட்டகை வாசலில் நின்று அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. ராதிகா மட்டும் கேட்டாள்.

"நீங்களா அக்கா சொல்றீங்க? எங்க போவோம்?"

அக்னி வெயிலில் மூன்று பேரும் தார் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். குழந்தைக்குச் செருப்புகூட இல்லை.

மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் பட்டியலோடு வந்தார்.

"திருநாவலூர்ல ஒரு சாவுக்குப் போன பதினோரு பேருக்கு வந்திருக்கு. லட்சுமியம்மாள், வெங்கடேசன், ரெண்டு பேரும் இந்த வீடுதானே?"

அம்சவள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. இறந்தவர் லட்சுமியம்மாளின் அண்ணன். பிறந்த வீட்டுச் சாவுக்குக் கூடப்பிறந்தவள் புதுத் துணி எடுத்துப்போய்க் கோடி போடாவிட்டால் அந்த உறவே அற்றுப்போகும். அதற்காகத் தாயும் மகனும் போலீசுக்குத் தெரியாமல் ஏரிக்கரை வழியாகப் பைக்கில் போயிருக்கிறார்கள். அவளிடம் உரக்கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். பெற்ற மகனை நோய்க்குப் பயந்து வாசலில் நிறுத்திய பிறகு எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வார்கள்?

"கொட்டகையில இருந்தவங்களுக்கு?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"ரோட்டுல நடந்து போனவங்கதானே? பள்ளிக்கூட முகாம்ல தங்க வெச்சிருக்கோம். டெஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லம்மா."

அவள் கணவனிடம் திரும்பினாள். "தெரிஞ்சேதான் என்ன அனுப்பினீங்களா?"

வெங்கடேசன் சுவரைப் பார்த்தான்.

"என் பொறந்த வூட்டுச் சாவுடி" என்று லட்சுமியம்மாள் அழுதாள். "போவாம எப்பிடி இருக்கறது?"

"போனத நான் தப்புன்னு சொல்லல அத்த. பெத்த புள்ளய வெயில்ல வெரட்டறதுக்கு என் வாயையில்ல எடுத்துக்கினீங்க... அதத்தான் என்னால தாங்க முடியல."

பரிசோதனையில் தாய்க்கும் மகனுக்கும் நோய் உறுதியானது. ஆம்புலன்சில் ஏறும்போது மாமியார் அவள் பக்கம் கையை நீட்டினாள். "வூட்டப் பாத்துக்கம்மா" என்றாள். பதினாலு வருஷத்தில் முதன்முறையாக வந்த அந்த 'அம்மா' அம்சவள்ளியின் மனத்தில் ஒட்டவே இல்லை.

அம்சவள்ளிக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது. வீட்டிலேயே அடைந்து கிடக்கச் சொன்ன பதினாலு நாளும் முடிந்த காலையில் கதவைப் பூட்டிவிட்டு நேரே முகாமுக்குப் போனாள். ராதிகா அவளைக் கண்டதும் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அங்கயே நில்லுங்க அக்கா. அத்த சொல்லியிருந்தா நான் அழுதிருக்கவே மாட்டேன். நீங்க சொன்னீங்களே..."

"சொன்னேன். என்ன அடிச்சாலும் வாங்கிக்கறேன். கச்சிராயபாளையத்துல எங்கம்மா இருந்த வூடு பூட்டியே கெடக்குது. ரெண்டு ஓடு ஒடஞ்சிருக்கு, பிரவீன் தம்பி மாத்திடுவாரு. நாம நாலு பேரும் அங்க இருப்போம் வா."

ராதிகா அவளை அடிக்கவில்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்து, முகாமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

நான்கு நாள் கழித்து வெங்கடேசனின் அழைப்பு வந்தது. பிரவீன்குமார் கச்சிராயபாளையம் வீட்டுக் கூரைமேல் ஏறியிருந்தான், அம்சவள்ளி கீழிருந்து ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிலேந்து வுட்டுட்டாங்க. வாசல்ல நிக்கறோம், வூடு பூட்டிக் கெடக்குது. அம்மாவால நிக்க முடியல, உன்னத்தான் கேக்குது. எங்க இருக்க?"

"சாவி பக்கத்து வூட்டு ரங்கம்மாகிட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அம்சவள்ளி அடுத்த ஓட்டை எடுத்து நீட்டினாள்.