மணலில் கிடந்த காலித் தோட்டா

1968, பங்குனி மாதம். காலை ஏழு மணி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலை. சூளை இடிந்து ஆள் செத்த வழக்கில் மறுநாள் சாட்சி சொல்ல இருந்த மேஸ்திரி தங்கதுரை, அந்தச் சூளைக்கு எதிரிலேயே குண்டடி பட்டுச் செத்துக் கிடந்தார். போலீஸ் கேட்டைப் பூட்டிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் காவலாளி விருத்தகிரிக்குத்தான் மூச்சு முட்டியது.

முட்டாதா பின்னே? முந்தின நாள்தான் மேஸ்திரியோடு ஊரறியச் சண்டை போட்டிருந்தான். அவன் துப்பாக்கியில் வெடிமருந்து வாடை. அவன் காவல் நிற்கும் இடத்துக்கு அருகே, மணலில், பளபளவென்று ஒரு காலித் தோட்டா.

"நான் அவரச் சுடலீங்க. வெடிச் சத்தம் கேட்டுது. ஆளுங்களக் கூட்டறதுக்கு வானத்தப் பாத்து ஒண்ணு சுட்டேன்."

"பொய்!" என்றார் மேனேஜர் ராஜாங்கம். காட்டுப்பன்றி வேட்டையைப் பற்றி ஓயாமல் பீற்றிக்கொள்ளும் மனிதர். "ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து என் கண்ணால பாத்தேன், இன்ஸ்பெக்டர். மேஸ்திரியச் சுட்டான். துப்பாக்கி போல்ட்டப் பின்னால இழுத்தான். காலித் தோட்டா எகிறிப் போயி மணல்ல வுழுந்துது."

இன்ஸ்பெக்டர் சனாவுல்லா விருத்தகிரியின் சட்டைப் பையைத் துழாவினார். அதிலும் ஒரு காலித் தோட்டா. வெள்ளைக் களிமண்ணும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது.

"இத ஏன் பையில வச்சிருக்க?"

விருத்தகிரி வாயைத் திறக்கவில்லை. துப்பாக்கியைக் கெடுத்து வைப்பவனுக்கு வேலை கிடையாது என்று கம்பெனியில் சட்டம். சொன்னால் சோறு போகும். சொல்லாவிட்டால் கழுத்து போகும். கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி மனைவி பெரியநாயகி நின்றிருந்தாள். அவளைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

சனாவுல்லா அவனை நெருக்கவில்லை. அந்த அழுக்குத் தோட்டாவை அவன் துப்பாக்கியிலேயே போட்டு, போல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். தோட்டா பாதி வந்து உள்ளேயே விழுந்தது. மறுபடியும் இழுத்தார். அதே கதைதான். துப்பாக்கியைக் கவிழ்த்ததும் உள்ளங்கையில் விழுந்தது.

"தெனமும் எண்ணெ போடுவியா?"

"பட்டாளத்துப் பழக்கங்க. ரெண்டு வேளையும் போடுவேன்."

"இந்த ஊரு மண்ணுத் தூசி எண்ணெயில பசையாயிடும்யா. தோட்டாவப் பிடிச்சிழுக்கிற கொக்கி இறுகிப் போச்சு."

"ஆமாங்க. கையாலதான் எடுக்கணும். எடுத்துப் பையில போட்டுக்குவேன்."

ஆபீஸிலிருந்து மேனேஜரின் வேட்டைத் துப்பாக்கி வந்தது. அதே ரகம். மணலில் கிடந்த தோட்டாவை அதில் போட்டு இழுத்தார் சனாவுல்லா. அது துள்ளிப் போய் மணலில் உருண்டது.

"காவலாளி துப்பாக்கியால தோட்டாவ எறிய முடியாது, ராஜாங்கம். ஆனா அது எகிறினத உங்க கண்ணால பாத்திருக்கீங்க! சூளை வழக்குல மேஸ்திரி வாயத் தெறந்தா உள்ள போறது நீங்க. ஜன்னல்லேர்ந்து சுட்டீங்க. ஜனம் பொணத்துக்கிட்ட ஓடின நேரத்துல உங்க தோட்டாவ இங்க கொண்டாந்து போட்டீங்க. எல்லாத் துப்பாக்கியும் உங்களுது மாதிரியே எறியும்னு நெனச்சதுதான் தப்பு."

ராஜாங்கத்தின் கையில் விலங்கு விழுந்தது.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்று விருத்தகிரியை அதட்டினார் சனாவுல்லா.

"வேல போயிடும்னுங்க..."

கேட்டைத் திறந்தார்கள். பெரியநாயகி ஓடி வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "வேல போனா மயிரே போச்சு! வூட்டுக்கு வாய்யா" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.