வெள்ளைத் துணியில் தாம்பூலச் சிவப்பு

சாலிவாகன சகாப்தம் 1572, தைப்பூச நாள் மாலை, வையைக் கரையிலுள்ள கருங்கல்மேட்டுக் கோட்டைக்கு வெளியே குதிரைச் சாரிப் போட்டி நடந்தது. மூன்று குதிரைகள் களமிறங்கின.

கிழக்கே எழுந்த முழுநிலவு ஆற்றின் மணல் திட்டுகளை வெள்ளியாக்கி, கொத்தளங்களின் நிழலை நீரின்மேல் நீளக் கிடத்திக்கொண்டிருந்தது. வாசகர்களே, சாரி என்பது ஓட்டப் பந்தயம் அன்று. குதிரை வட்டமிட வேண்டும். நின்ற இடத்திலேயே நடைபோட வேண்டும். பின்னங்கால் ஊன்றிச் சுழல வேண்டும். ஏறியவர் முழங்காலால் இடும் கட்டளை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. முடிவில் நடுவர் வெள்ளைத் துணியால் குதிரையின் வாயைத் துடைப்பார். இரத்தம் பட்டால் தோல்வி. வெல்பவருக்கு அரண்மனை இலாயத் தலைமை. அறுபது குதிரைகள் அவர் பொறுப்பு.

அந்த அறுபதுக்காகவே உமையாள் கூந்தலைத் தலைப்பாகைக்குள் மறைத்து, கந்தப்பன் என்ற பெயரில் வந்திருந்தாள். முள் கடிவாளம் பூட்ட மறுத்ததற்காக, இலாயத் தலைவராயிருந்த அவள் தந்தை பெருமாளப்பரை, மறைந்த அரசர் ஏழாண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு நாடு கடத்தியிருந்தார். எல்லைக்குள் அகப்பட்டால் சிறை.

அவளுடைய செம்மண்நிறப் பெட்டைக் குதிரை, தளர்ந்த கடிவாளத்தோடு ஆற்றுநீர் போல நடந்து முடித்தது. துணி வெண்மையாகவே இருந்தது. அடுத்து இறங்கிய திம்மப்பனின் கரும்புரவி, கழுத்தை வளைத்து, முகவாய் மார்பைத் தொட ஆடியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. உமையாள் வலியில் படிந்த அதன் காதுகளையும், சுழன்றடித்த வாலையும், வெளுத்த விழிகளையும் பார்த்தாள். இதற்கா கைதட்டுகிறார்கள்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

நடுவரான தளகர்த்தர் சேந்தன் துணியை எடுத்தான்.

"பொறும் தளகர்த்தரே! உழைத்த குதிரைக்கு முதலில் தாம்பூல மரியாதை!" என்று திம்மப்பன் ஒரு வெற்றிலைச் சுருளைப் புரவியின் வாயில் திணித்தான். துடைத்த துணி சிவந்தது. "வெற்றிலைச் சாறு!" என்று திம்மப்பன் சிரித்தான்.

"இரத்தத்துக்கு வெற்றிலைப் பூச்சா? வாயைத் திறந்து காட்டும்!" என்று சீறினாள் உமையாள்.

"அடடே! மீசை முளைக்குமுன் பொறாமை முளைத்துவிட்டதே, தம்பி!"

மேடையிலிருந்த இராணி அகிலாண்ட நாச்சியார் கையுயர்த்தினார். "சேந்தரே, நீரே பாரும்."

"வழக்கம் இடந்தரவில்லை, நாச்சியார். பிறர் குதிரையின் வாய்க்குள் கைவிடும் உரிமை பழைய இலாயக் குடிக்கு மட்டுமே உண்டு. அக்குடியில் எவரும் இங்கில்லை." சொல்லிவிட்டு அவன் உமையாளைப் பார்த்தான். ஒருகாலத்தில் அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டவன்; தலைப்பாகை அவனை ஏமாற்றவில்லை. வாய் திறக்காதே என்று அவன் கண்கள் கெஞ்சின.

அந்தக் கெஞ்சல் அவள் சினத்தையே வளர்த்தது. தலைப்பாகையைப் பிடுங்கி மணலில் எறிந்தாள்.

"இருக்கிறேன்! பெருமாளப்பர் மகள் உமையாள். சிறையோ தலையோ, பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாயில்லாச் சீவன் இன்னொரு நொடி பொறுக்காது!"

நடுங்கிய புரவியின் நெற்றியைத் தடவி, கடிவாளத்தைக் கழற்றினாள். உள்வளைவில் இரண்டு இரும்பு முட்கள். அவற்றில் நாக்கின் சதை. கடிவாளத்தை மேடைப் படியில் வீசினாள்.

"வெற்றிலையில் சதை இருக்குமா, நாச்சியார்? இதற்குத்தானே இவ்வளவு நேரம் கைதட்டினீர்கள்!"



திம்மப்பன் நாட்டைவிட்டு விரட்டப்பட்டான். பொய்ப் பெயரில் ஏறியதால் உமையாளின் சாரி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மூன்றாவதாக இறங்கி, துணியில் கறைபடாமல் சாரி முடித்த மதார் ராவுத்தர் இலாயத் தலைவரானார். அவர் பதவியேற்ற அன்றே முள் கடிவாளங்கள் அனைத்தும் உலையில் போடப்பட்டன. இராணி சிறைத்தண்டனையை நீக்கினார். நாடுகடத்தல் ஆணையை நீக்கவில்லை. மறுநாள் காலை உமையாள் எல்லையைக் கடந்தாள். சேந்தன் தன் வாளை இராணியிடம் ஒப்படைத்துவிட்டு அவளுடன் சென்றான்.