சாட்சிக் கையெழுத்து

தோசை தட்டுக்கு வருவதற்குள் விமலன் கடன் விண்ணப்பப் பாரத்தை மேசையில் விரித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மனைவி மாதவியோடு பூச்சோங்கிலிருந்து கிள்ளானுக்கு, அண்ணன் வீட்டுக்கு அவன் வந்தது இதற்குத்தான். மகனின் முதல் பிறந்தநாளை ஹால் எடுத்துக் கொண்டாட வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுக்க இன்னொரு உறுப்பினர் ஜாமீன் நிற்க வேண்டும்; அண்ணி ரமணி அங்கே உறுப்பினர்.

“சைன் பண்ணுங்க அண்ணி. சாட்சிக் கையெழுத்துதானே...”

“போடமாட்டேன் தம்பி,” என்றாள் ரமணி.

மாமியார் இராஜம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சங்கத்துல காசுக் கணக்கு கத்துக்குடுக்கிற கிளாஸுக்குப் போனதுலேருந்து இவ பேச்சே மாறிப்போச்சு. சேத்ததையெல்லாம் அம்மா வீட்டுக்குத் தூக்கிக் குடுத்தப்ப இந்தக் கணக்கு தெரியலையா?”

பள்ளிக்கூடக் கண்டீனில் அடுப்போடு அடுப்பாக வெந்து ரமணி சேர்த்த பணம் அது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சேமிப்பு கரைந்துபோனதும், சுங்கை பூலோவில் இருக்கும் தாய்க்குத்தான் கொடுத்துவிட்டாள் என்று வீடே முடிவு கட்டியது. அன்றிலிருந்து இராஜம்மா சம்பந்தியோடு பேசுவதில்லை. அடுத்தவர் உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எத்தனை பேர் வந்துவிடுகிறார்கள்!

“போட்டுத் தொலை ரமணி. மானம் போகுது,” என்றான் கணவன் பாலன்.

“இது சாட்சி இல்லைங்க. இவர் கட்டலன்னா நான் கட்டணும். நானும் சாட்சின்னுதான் நெனச்சிருந்தேன், கிளாஸ்லதான் புரிஞ்சுது. இப்ப இருக்கிறது நம்ம பொண்ணு கயல் நர்சிங் படிக்க மறுபடியும் சேத்தது. அதைப் பணயம் வைக்கமாட்டேன்.”

“என் தம்பி மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?”

குழந்தையோடு வாசலருகே நின்ற மாதவிதான் பேசினாள்.

“அக்கா சொல்லமாட்டாங்க மாமா. நான் சொல்றேன். வேன் வாங்க இவர் கடன் எடுத்தப்ப ஜாமீன் நின்னது அக்காதான். கொஞ்ச நாள் கட்டிட்டு விட்டுட்டாரு. சங்கம் அக்கா சேமிப்புல பிடிச்சிக்கிச்சு. அவங்கம்மா வீட்டுக்கு ஒரு காசும் போகல.”

“வாயை மூடு மாதவி!” என்று சீறினான் விமலன்.

“இவ்வளவு நாளும் மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்...”

பாலன் தம்பியைப் பார்த்தான். விமலன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏன் ரமணி என்கிட்ட சொல்லல?”

“அத்தை நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தாங்க. உங்க தம்பி காலைப் பிடிச்சு அழுதாரு. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னுடுமேன்னு பயந்தேன்...” அவள் கணவனை நேராகப் பார்த்தாள். “சரி, நான் சொல்லல. நீங்க கேட்டீங்களா? அம்மாவுக்கு எவ்வளவு குடுத்தேன்னுதான் கேட்டீங்க. குடுத்தியான்னு ஒரு தடவைகூட கேக்கலையே.”

பாலனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இந்தத் தடவை கண்டிப்பா கட்டிடுவேன்லா அண்ணி...” என்று இழுத்தான் விமலன்.

இராஜம்மா பாரத்தை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தாள். “ஹாலும் வேணாம் ஒண்ணும் வேணாம். இங்கேயே கேக் வெட்டு. மொதல்ல அண்ணி காசைக் கட்டு. மாசாமாசம் நான் கேப்பேன்.”

பிறகு மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நான் பொழைச்சு எழுந்து வந்து உன்னைத்தானே திட்டினேன்... என்னை மன்னிச்சிடும்மா.”

ரமணியும் அழுதாள். ஆனால் அணைப்பிலிருந்து மெல்ல விலகி, தாயின் எண்ணைப் போட்டு போனை மாமியாரிடம் நீட்டினாள்.

“என்கிட்ட வேணாம் அத்தை. எங்கம்மாகிட்ட சொல்லுங்க.”

இராஜம்மா வாங்கிக் காதில் வைத்தாள்.

“சம்பந்தி...” என்றாள். “நான்தான்... இராஜம்மா.”