வலம்புரியை மறைத்த வெள்ளை

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பேர் எழுதிப் பிழைத்து வந்தவன் துளசிங்கம். தொண்ணூற்று நாலாம் வருஷக் கார்த்திகையில், மலைமேல் கோயில் கோபுரம் கூடத் தெரியாதபடி மழை மூடியிருந்த ஒரு காலையில், கொட்டகை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. சஃபாரி சூட் போட்ட ஒருவர் இறங்கினார். பேர் மணவாளன். மெட்ராஸில் பஸ்ஸும் விமானமும் ஓட்டும் வலம்புரிக் கம்பெனியின் பெரிய அதிகாரி.

"வெள்ளை பெயின்ட் எவ்வளவு வெச்சிருக்கே?"

"நாலு டின் கீது சார்."

"அத்தனையும் எடுத்துட்டு ஏறு. ஏணியும் வேணும்."

எங்கே என்று துளசிங்கம் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். முந்தின நாள் சாயங்காலம் திருப்பதிக்குப் புறப்பட்ட சின்ன விமானம், திருவாலங்காட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் விழுந்து கிடந்தது.

வழியில் மணவாளன் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. டிக்கெட்டில் வலம்புரியின் பேர். விமானத்தின் வாலில் வலம்புரியின் சிவப்புச் சங்கு. ஆனால் விமானம் அவர்களுடையது இல்லையாம். யாரோ ஒரு சின்னக் கம்பெனிக்காரன், ஒப்பந்தம் போட்டு, பெரிய கம்பெனியின் பேரையும் நிறத்தையும் பூசிக்கொண்டு ஓட்டினானாம். பறந்த வரைக்கும் ஒரே கம்பெனி. விழுந்த பிறகு வேறு.

"பத்திரிகைக்காரங்க மதியத்துக்கு வந்துடுவாங்க. போட்டோவுல எங்க சங்கு தெரியக் கூடாது."

கரும்புக்குள் நுழையும்போதே வாடை அடித்தது. எரிந்த எண்ணெயும் நசுங்கிய கரும்பின் தித்திப்பும் கலந்த வாடை. விமானத்தின் முன்பாதி கருகிச் சிதறியிருந்தது. வால்பாதி மட்டும் அப்படியே சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. பட்டியலில் இருந்த பதினாறு பேரையும் இரவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் கொஞ்சம் தள்ளி மோட்டார் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள்.

துளசிங்கம் தலைக்கு மேல் தார்ப்பாயைக் கட்டி, தகட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பூசத் தொடங்கினான். முதலில் சங்கின் வாய் மறைந்தது. அப்புறம் வயிறு.

டொக்.

மழைதான் என்று நினைத்தான்.

டொக். டொக்.

தூரிகை பிடித்த கைக்கு நேர் அடியில், தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவன் காதைத் தகட்டில் வைத்தான். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு, மெல்லிய பெண்குரல்.

"தண்ணி..."

ஏணியிலிருந்து பாதி விழுந்தும் பாதி இறங்கியும் மணவாளனிடம் ஓடினான். "சார், உள்ள ஒரு பொம்பள கீறாங்க சார். உசுரோட!"

"பதினாறு பேர். பதினாறும் எடுத்தாச்சு."

"நீங்களே கேளுங்க சார்."

மணவாளன் வந்தார். காதை வைத்துக் கேட்டார். அவருக்கும் கேட்டது என்பது துளசிங்கத்துக்கு நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப பிரிச்சா ஊரே கூடிடும். முதல்ல சங்கை மூடு. அப்புறம் நானே ஆளுங்களைக் கூப்பிடறேன்."

"சார்..."

"எங்க கம்பெனி பஸ் அத்தனைக்கும் இனிமே நீதான் பெயின்டர். ரெண்டு கோட்டிங் அடி. லேசா அடிச்சா சிவப்பு தெரியும்."

சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

துளசிங்கம் போலீஸ்காரர்களை நோக்கி ஓடியிருக்கலாம். கூப்பிடு தூரம்தான். ஓடவில்லை. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் திறப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினான். தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது கோட்டிங்கில் அது தேய்ந்தது. நகத்தால் சுரண்டுவது மாதிரி ஆயிற்று.

பிறகு அதுவும் இல்லை.

பத்திரிகைக்காரர்கள் வெள்ளை வாலைப் படம் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் கடப்பாரை வந்தது. உள்ளே இருபது வயசுப் பெண் ஒருத்தி மடங்கிக் கிடந்தாள். சின்னக் கம்பெனி தினக்கூலிக்கு வைத்திருந்த பணிப்பெண். எந்தப் பட்டியலிலும் பேர் இல்லாதவள். பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் வீட்டுப் பெண், சந்திரா. போலீஸ்காரர் ஒருவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் சூடு ஆறலையேய்யா."

மணவாளன் குனிந்தார். அவள் முந்தானையில் குத்தியிருந்த சங்கு பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து, சொன்னபடியே வலம்புரியின் முதல் பஸ் கொட்டகைக்கு வந்தது. அதில் துளசிங்கம் சங்கு வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு அம்மாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். குடை முழுக்க வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் இடது தோள் தொப்பலாக நனைந்திருந்தது.

"என் பேரு கோமளவல்லி. சந்திராவோட அம்மா."

அவன் கையிலிருந்த தூரிகை நின்றது.

"விழுந்த உடனே செத்துட்டாள்னு கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்க. அது பொய்னு ஒரு வார்த்தை நீ வந்து சொல்லுப்பா. வேற ஒண்ணும் கேக்கல."

"நான் வெறும் பெயின்டர்மா. எனக்கு எதுவும் தெரியாது."

"தட்டுனது கேக்கலையா?"

"கேக்கல."

"தண்ணின்னு கேட்டாளாமே?"

துளசிங்கம் தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான்.

"ரெண்டாவது கோட்டிங் அடிக்கறப்போ நீ அழுதுகினே அடிச்சியாமே?"

அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை. மணவாளன்கூட ஜீப்புக்குள் இருந்தார்.

"யா... யாரும்மா சொன்னது?"

கோமளவல்லி வலப்பக்கம் திரும்பி, குடையின் அடியில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"இவதான்."

அங்கே யாரும் இல்லை. பிறகு அவள் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டாள்.

"கடைசியா கேக்கறேன். கேட்டுதா, இல்லையா?"

பஸ்ஸின் மேல் பாதி வரைந்த சங்கைத் துளசிங்கம் பார்த்தான். இன்னும் வரப்போகிற பஸ்களை நினைத்தான்.

"இல்லம்மா."

"சரி." அவள் குடையை மடக்கினாள். "அவ என்னோட வரலையாம். இங்கியே இருந்துக்கிறாளாம்."

சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் தலையை மூடாமல், பொதட்டூர்பேட்டை பஸ் நிற்கிற பக்கம் தனியாக நடந்து போனாள்.

துளசிங்கம் தூரிகையை டின்னில் போட்டான். கொட்டகை ஓரம் கிடந்த நீளப் பலகையின் முனையில் பொத்தென்று உட்கார்ந்தான். நடுவில் மட்டும் கல் முட்டுக் கொடுத்த பலகை அது. ஒரு முனையில் மட்டும் ஆள் உட்கார்ந்தால், மறுமுனை எம்பி ஆளைக் கீழே தள்ளிவிடும்.

அது எம்பவில்லை.